பால் பத்தவில்லையா, பிள்ளை பற்றவில்லையா?



நம் அறக்கட்டளையின் மகளிர் குழுவினர் பிரசவமான வீடுகளுக்குப் போய்வரும்போது அதிகம் காதில் விழும் வார்த்தை "பால் பத்தல" என்பதுதான். பெரும்பாலும் அதைச் சொல்பவர் பிள்ளை பெற்றவர் அல்ல. மாமியார் சொல்வார், நாத்தனார் சொல்வார், ஏழாம் நாள் அகீகாவுக்கு வந்த உறவுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். பிள்ளை அழுகிறது, ஆகவே பால் பத்தவில்லை. மறுநாள் காலையில் பவுடர் டின் வீட்டுக்கு வந்துவிடும்.

பல வீடுகளில் இந்த முடிவு தவறானது. பால் சுரக்கிறது. பிள்ளையால்தான் அதைச் சரியாக உறிஞ்சி எடுக்க முடியவில்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள், வைத்தியமும் வேறு. இத்துடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. செல்போனில் வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு நாக்கு ஒட்டியிருக்காமே, வெட்டணுமா?" என்று கேட்கும் இளம் தாய்மார்கள் கூடி வருகிறார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் பால் ஊறும் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு ஊறும். எடுப்பது குறைந்தால் ஊறுவதும் குறையும். பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் வருவது மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் சீம்பால். அளவு கொஞ்சம்தான். பிள்ளையின் இரைப்பையும் அப்போது சிறியது, முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி கிடைத்தாலே போதும். இதை அறியாமல் "பாலே இறங்கல" என்று டின் பாலைக் கொடுத்தால், வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது. தேடாததால் பால் குறையும். பத்து நாள் கழித்து, முன்பு சொன்னதே உண்மை ஆகிவிடும்.

சேனைத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. தஹ்னீக் சுன்னத்து. பேரீச்சம்பழத்தை மென்மையாக்கி மேல்வாயில் இலேசாகத் தடவுவதுதான் அது, வயிற்றை நிரப்புவதற்கான உணவு அல்ல. சுத்தமான கையால் தடவிவிட்டு உடனே தாயின் மார்பில் பிள்ளையைப் போடலாம். பேரீச்சம்பழத்துக்குப் பதில் சிலர் தேன் தொட்டு வைக்கிறார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் எதற்கெல்லாமோ அழும். மார்பு கனமாக இல்லை என்பதையும் கணக்கில் எடுக்கக் கூடாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறிவிட்டதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடை திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறினால் நல்லது. இந்தக் கணக்கு சரியாக இருந்தால் யார் என்ன சொன்னாலும் டின் வாங்க வேண்டாம்.

கணக்கு சரியில்லை, அல்லது தாய்க்கு ஒவ்வொரு வேளையும் வலி உயிர் போகிறது என்றால்? அப்போதும் டின்னுக்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

பிள்ளை பற்றும் விதம்

காம்பை மட்டும் கவ்வினால் பால் வராது, புண்தான் வரும். காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதியும் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். வாய் அகலமாகத் திறந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், தாடை மார்பில் பட வேண்டும். பிள்ளையின் முகம் மட்டும் திரும்பியிருந்தால் போதாது, வயிறும் தாயின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரில் இருந்தால் பிள்ளைக்கு விழுங்குவது எளிது. நாமே கழுத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பார்த்தால் விளங்கும்.

தாய் குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் கூடாது, பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தலையணையை மடியில் வைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காரச் செய்ததில் மட்டுமே பாதி வலி போன பெண்களைப் பார்த்திருக்கிறோம். சிசேரியன் ஆனவர்களுக்கு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுப்பது சுலபம். பற்றியது தவறு என்று தெரிந்தால் வெடுக்கென்று இழுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்துவிட்டு மறுபடி கொடுங்கள். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டிவரும். இராத்திரியும் அதில் சேர்ந்ததுதான்.

வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும் ஏழாம் நாளில் இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடியாது. காம்பில் வெடிப்பு மோசமாக இருப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாயும் பிள்ளையும் தனியாக இருக்க வீட்டார் இடம் விட வேண்டும். வந்தவர்கள் பிள்ளையை அப்புறம் பார்க்கட்டும்.

நாக்கு ஒட்டு

எல்லாருக்கும் நாக்கின் அடியில், நடுவில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. சில குழந்தைகளுக்கு அது குட்டையாகவோ தடித்தோ, நாக்கின் நுனிக்கு மிக அருகிலோ இருக்கும். அதனால் நாக்கைத் தூக்கவும் கீழ் ஈறுக்கு வெளியே நீட்டவும் முடியாது. இதைத்தான் டாக்டர்கள் 'டங் டை' என்கிறார்கள். பிள்ளை அழும்போது பார்த்தால் சிலருக்கு நுனி உள்ளிழுத்து இதய வடிவில் தெரியும். ஆண் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம், சில குடும்பங்களில் தொடர்ந்தும் வரும். யாருடைய கண்ணேறும் இதற்குக் காரணம் இல்லை. கிரகண நேரத்தில் கர்ப்பிணி வெளியே போனதும் காரணம் இல்லை.

பால் குடிக்கும்போது நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வந்து மார்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அது முடியாத பிள்ளை ஈறால் கடிக்கும், வழுக்கி வழுக்கி விடும், 'டக் டக்' என்று சத்தம் வரும். ஒரு மணி நேரம் குடித்தும் பசி தீராமல் களைத்துத் தூங்கிவிடும். குடித்து முடித்தபின் தாயின் காம்பு நசுங்கி, லிப்ஸ்டிக் நுனிபோல் சரிந்து தெரியும்.

எங்கள் குழுவினர் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறோம். தலைப்பிரசவம், பன்னிரண்டாம் நாள். பிறந்தபோது 2.9 கிலோ இருந்த பிள்ளை 2.7 கிலோவில் நின்றது. இரண்டு காம்பிலும் இரத்தம். பிள்ளையை மடியில் வாங்கும்போதே அந்தப் பெண்ணின் கால்விரல்கள் மடங்கின. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று வீட்டில் பேச்சு. எங்களோடு வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் சகோதரி உட்காரும் விதத்தை மாற்றிப் பார்த்தார். கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. பிள்ளை அழுதபோது நாக்கைப் பார்த்தார், நுனி எழும்பவே இல்லை. அரசு மருத்துவமனைக் குழந்தை டாக்டர் ஒரு வேளை பால் கொடுப்பதை முழுக்க உட்கார்ந்து கவனித்தபின், சவ்வை வெட்டலாம் என்று முடிவு செய்தார். வலி அன்றே குறைந்தது. எடை ஒழுங்காக ஏற இன்னும் இரண்டு வாரம் ஆனது. அதுவரை பிழிந்தெடுத்த பாலையும் பாலாடையில் கொடுத்தார்கள்.

இன்னொரு வீட்டில் நேர்மாறாக நடந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் பிள்ளையின் வாயை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, பால் கொடுப்பதைப் பார்க்காமலேயே, லேசர் செய்ய வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டார்கள். குடும்பம் நகையை அடகு வைக்க யோசித்துக்கொண்டிருந்தது. இன்னொரு டாக்டரிடம் அனுப்பினோம். பிள்ளையைப் பிடிக்கும் முறையை நான்கு நாள் மாற்றியதில் எல்லாம் சரியானது. வெட்டவே இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. நாக்குச் சவ்வை வெட்ட வேண்டும் என்று அனுப்பப்பட்ட 115 குழந்தைகளை, பால் குடிப்பதைக் கவனித்து முறையாகச் சோதித்தபோது, அவர்களில் 72 பேருக்கு வெட்டாமலேயே சமாளிக்க முடிந்தது. வெட்டியதால் தாயின் காம்பு வலி குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் சான்று உண்டு. பிள்ளை குடிப்பதில் நிச்சயம் முன்னேற்றம் வரும் என்பதற்கு அந்த அளவுக்கு உறுதி இல்லை. ஆகவே சவ்வு தெரிகிறது என்பதற்காக மட்டும் வெட்ட வேண்டியதில்லை. பால் குடிப்பதில் தொல்லை இருந்து, பிடிக்கும் முறையைத் திருத்தியும் தீராமல், நாக்கும் அசையவில்லை என்றால் வெட்டலாம்.

செய்வது பெரிய ஆபரேஷன் அல்ல. சின்னக் குழந்தைக்குச் சவ்வைக் கத்தரிக்கோலால் வெட்டுவது சில நொடி வேலை. சில துளி இரத்தம் வரும், உடனே மார்பில் போட்டால் நின்றுவிடும். லேசர் இதைவிட மேலானது என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய் உண்டா என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ யாரும் கைவைக்கக் கூடாது. நாக்கின் அடியில் இரத்தக் குழாய்களும் எச்சில் சுரப்பியின் வாயும் இருக்கின்றன.

"இப்போ வெட்டாட்டி நாளைக்குப் பேச்சு வராதா?" என்ற பயம் எல்லா உம்மாக்களுக்கும் இருக்கிறது. நாக்கு ஒட்டால் பேச்சே வராமல் போவதில்லை. சில எழுத்துகளை உச்சரிப்பதில் சிரமம் வந்தால், பேசும் வயதில் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை நீக்கும்படி கேட்ட துஆ தாஹா அத்தியாயத்தில் இருக்கிறது. அதை ஓதுங்கள், பிள்ளையை எடை பார்க்கவும் கொண்டு வாருங்கள்.

வாப்பாவின் பங்கு

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரண்டு ஆண்டு பாலூட்டுவதைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். பயான்களில் பெண்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த முதல் பகுதிதான். அதே வசனம் தாயின் உணவுக்கும் உடைக்கும் தகப்பனைப் பொறுப்பாக்குகிறது. பிள்ளையை வைத்துத் தாய்க்குத் துன்பம் தரக் கூடாது என்கிறது. பால்குடியை நிறுத்துவதென்றால் இருவரும் கலந்து பேசி மனமொப்பிச் செய்யச் சொல்கிறது. வேறொரு பெண்ணைப் பாலூட்ட வைப்பதையும் அனுமதிக்கிறது. காம்பு வெடித்து அழும் பெண்ணை "பொறுமை இல்லாதவள்" என்று ஏசுவதற்கு இந்த வசனத்தில் இடமே இல்லை. எல்லா முயற்சியும் செய்து, முடியாமல், டாக்டர் சொல்லி டின் பால் கொடுக்கும் தாய் குற்றவாளியும் அல்ல.

வாப்பா என்றாலும் அத்தா என்றாலும், அவர் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இரவில் பிள்ளையை எடுத்து மனைவியின் கையில் கொடுக்கலாம், ஏப்பம் விட வைக்கலாம், எடை பார்க்கக் கூட்டிப்போகலாம், "பால் பத்தல" என்று சொல்ல வருபவர்களை வாசலிலேயே பேசி அனுப்பலாம். ரமழான் வந்தால், பாலூட்டும் பெண்ணுக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருப்பதை வீட்டில் நினைவுபடுத்துவதும் அவர் வேலை.

கூட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தாய் காய்ச்சலில் கிடக்கும்போது சித்தியோ மாமியோ பிள்ளைக்குப் பால் கொடுப்பது நம் வீடுகளில் நடப்பதுதான். நல்ல உதவி. ஆனால் இரண்டு வயதுக்குள் குடித்த பாலால் பால்குடி உறவு ஏற்படும். அந்தப் பெண்ணின் பிள்ளைகளை அந்தக் குழந்தை பின்னால் நிக்காஹ் செய்ய முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து தடவை என்ற கணக்கு உண்டு. ஹனஃபியில் ஒரு தடவையே போதும். யார், யாருக்கு, எத்தனை தடவை கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யும் ஊரில் இருபது வருடம் கழித்து அந்தத் தாள் தேவைப்படும்.

சில நிலைமைகளில் எங்களுக்காகவோ யாருக்காகவோ காத்திருக்கக் கூடாது. பிள்ளை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் இருந்தால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவியிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தாயின் மார்பு சிவந்து கட்டி, குளிர் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தினால் கட்டுதான் கூடும்.

மற்றபடி, அறக்கட்டளை அலுவலகத்தில் குழந்தை எடை பார்க்கும் தராசு இருக்கிறது. பெண்களுக்குத் தனி அறை உண்டு. வரும்போது தடுப்பூசி அட்டையைக் கொண்டு வாருங்கள், பிறந்த எடையும் போட்ட ஊசிகளும் அதில் இருக்கும். முந்தின நாள் எத்தனை தடவை பால் கொடுத்தீர்கள், எத்தனை தடவை துணி நனைந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு வந்தால் எங்கள் சகோதரிகளுக்கு உதவியாக இருக்கும். பிள்ளைக்குப் பசிக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள், குடிப்பதைப் பார்த்தால்தான் ஏதும் சொல்ல முடியும்.