கொய்த ரோஜாவின் தாகம்

பூ என்றால் தொடுத்துச் சூடுவதற்கும் சுவாமி படத்துக்குச் சாத்துவதற்கும் என்றே பழகிவிட்ட நம் இல்லங்களில், ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து நீண்ட காம்போடு வந்திறங்கும் தாஜ்மஹால் ரோஜாவை என்ன செய்வதென்று பலருக்கும் விளங்குவதில்லை. பன்னீர் ரோஜாவை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும். கொய்மலரின் சுபாவம் வேறு. பல வருஷங்களாக இப்பூக்களோடு பழகியதில் நான் தெளிந்தது யாதெனில், இவை மூப்பினால் வாடுவதைவிடத் தாகத்தினால் வாடுவதே அதிகம் என்பதும், அதுவும் ஜாடி நிறைய ஜலம் இருக்கும்போதே அவ்விதம் நேர்கிறது என்பதுமாம்.

காரணம் காம்பின் அடியில் இருக்கிறது. செடியிலிருந்து வெட்டிய கணத்தில் காம்பினுள் ஓடும் நுண்ணிய குழாய்களில் காற்றுப் புகுந்து, நீரின் தாரையை அறுத்துவிடுகிறது; பிறகு ஜாடித் தண்ணீரில் பெருகும் கிருமிகள் அதே வாயில்களை அடைத்துவிடுகின்றன. ஆகவே பூவைக் கவனிப்பதைவிடக் காம்பைக் கவனிப்பதே பிரதானம்.

கட்டுக்கு 20 பூவாக, அட்டையும் செய்தித்தாளும் சுற்றி வரும் ரோஜாக்களை வாங்கும்போதே, மொக்கின் அடிப்பாகத்தை இரு விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் புதிது, தொளதொளவென்றிருந்தால் பழையது. இறுக மூடிய மொக்கே நெடுநாள் நிற்கும் என்னும் அபிப்பிராயம் பொதுவாக உண்டெனினும், மிக இளமையில் கொய்த மொக்கு மலராமலே தலை கவிழ்ந்துவிடுவதால், பச்சைப் புல்லிதழ்கள் சற்றே விலகத் தொடங்கியதைத் தேர்ந்தெடுப்பதே உசிதம். வெளிப்புறத்தில் பச்சையோடிக் கறுத்த இரண்டு மூன்று இதழ்களைக் கண்டு பூ அழுகியதென்று தள்ள வேண்டாம். பிரயாணத்தில் உள்ளிதழ்களைக் காப்பதற்காகவே அவற்றை விட்டுவைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அடியோடு பிய்த்துவிடலாம்.

வெட்டுவதுதான் முக்கியமான காரியம். அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, காம்பின் நுனியை அதனுள் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே ஓர் அங்குலம் சாய்வாக வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். கூரிய கத்தியே ஏற்றது. சாய்வாக வெட்டினால் காம்பு அதிக நீரை உறிஞ்சும் என்பார்கள். காம்பு ஜாடியின் அடியில் தட்டையாக ஒட்டி அடைபடாமல் இருப்பதே அதன் மெய்யான பிரயோஜனம் என்பது என் எண்ணம். நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட வேண்டும், இல்லையேல் அவை அழுகும். முட்களைப் பலவந்தமாகச் சீவித் தோலைக் காயப்படுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. முதல் நீர் கைபொறுக்கும் வெதுவெதுப்பில் இருப்பது நலம். வெந்நீரில் கரைந்த காற்றுக் குறைவு, குழாய்களில் அந்நீர் விரைவாகவும் ஏறும்.

ஜாடி நீரில் சர்க்கரை போடுவது பூவுக்கு ஆகாரந்தான். ஆனால் கிருமிகளுக்கும் அதுவே விருந்து. ஆதலால் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும், சலவைக்கு உபயோகிக்கும் பிளீச் திரவம் கால் தேக்கரண்டியும் சேர்த்தாலன்றிப் பலன் இல்லை. சாற்றையும் பிளீச்சையும் நீரில்லாமல் ஒருபோதும் கலக்கலாகாது, விஷவாயு எழும். இவ்வளவு சிரமம் வேண்டாமென்பவர்கள் தினந்தோறும் நீரை மாற்றி, ஜாடியைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவினாலே பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

மின்விசிறியின் நேர்க்காற்றும் ஜன்னல் வெயிலும் ஆகா என்பது எல்லோரும் அறிந்தது. பழத்தட்டின் பக்கத்தில் வைக்கலாகாது என்பதைப் பலர் அறியார். கனிந்த வாழையும் மாம்பழமும் வெளியிடும் எத்திலீன் வாயு, இதழ்களை அகாலத்தில் உதிரச் செய்கிறது. இதனாலேயே பழங்கள் நிறைந்த குளிர்பதனப் பெட்டியையும் நான் நம்புவதில்லை. இரவில் ஜாடியை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றிவிடுகிறேன்.

கழுத்துத் தொய்ந்த பூவை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. காம்பை மறுபடி நீருக்குள் வெட்டி, தலை நிமிர்ந்திருக்கும்படி செய்தித்தாளில் சுற்றி, ஆழமான வெதுவெதுப்பு நீரில் இரண்டொரு மணி நேரம் நிறுத்தினால், வெகு பழசாகாத பூக்களில் பல தலைநிமிர்ந்துவிடும். இரண்டு நாளைக்கொருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வருவதில் காம்பு குறுகிப்போவது குறையன்று. நீர் ஏற வேண்டிய தூரமும் குறைகிறது. உயர்ந்த ஜாடிக்கு எட்டாமற்போனவற்றைக் காப்பி டம்ளருக்கு மாற்றி விடலாம்.