பழைய செப்புச் சென்ட்: உருக்குவதா, சேர்ப்பதா, விற்பதா?

1909 முதல் 1982 வரை அமெரிக்காவில் வெளிவந்த லிங்கன் உருவச் சென்ட், எஃகினால் அடித்த 1943ஆம் ஆண்டுக் காசு நீங்கலாக, நூற்றுக்கு 95 பங்கு செம்பாகவே இருந்ததும், 1982இன் நடுவில் அது செப்புப் பூச்சிட்ட துத்தநாகமாக மாறியதும் தெரிந்தவர்களுக்கு, வீட்டில் குவிந்த பழைய காசுகளை என்ன செய்வது என்ற யோசனை எழுவது இயல்பே.

முதலில் தரம் பிரிக்க வேண்டும். செப்புச் சென்ட் 3.11 கிராம், துத்தநாகச் சென்ட் 2.5 கிராம் எடையுள்ளவை. இரு வகையும் வெளியான 1982ஆம் ஆண்டுக் காசைக் கல்தரையில் போட்டால், செம்பு கணீரென்று ஒலிக்கும். துத்தநாகம் மந்தமாக ஒலிக்கும்.

உருக்குவது. ஒரு கிலோவுக்குச் சுமார் 321 செப்புச் சென்ட் நிற்கும்; அவற்றின் முகமதிப்பு 3 டாலர் 21 சென்ட். அவற்றிலுள்ள செம்போ 950 கிராம். கிலோ 10 டாலர் என்று வைத்துக்கொண்டால் 9 டாலர் 50 சென்ட். முகமதிப்பைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு கிடைப்பதாகத் தோன்றினும், 2006 டிசம்பரில் அந்நாட்டு நாணயசாலை விதித்த தடையின்படி, உருக்குவோர்க்கு 10,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. புழக்கத்துக்கான சென்ட் அடிப்பது 2025 நவம்பரில் நின்றபோதிலும், அது இன்றும் சட்டப்படி செல்லும் பணமாகையால் தடை நீங்கிவிடவில்லை. வெளிநாடு கொண்டுபோய் உருக்கலாம் என்பாருக்கும் வழியில்லை. சில்லறையாக 5 டாலருக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது. உருக்கப்படும் காசுக்கு ஈடாக வேறு காசு அடிக்கும் செலவு அந்நாளில் ஜனங்களின் வரிப்பணத்தையே சார்ந்ததாதலால், இத்தடையை விதித்தது நியாயமானது என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

சேர்த்துவைப்பது. இதில் குற்றமில்லை. 1974இல் விதித்த இதே போன்ற தடை 1978இல் நீங்கியதுண்டு; ஆகையால் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஆனால் 100 டாலர் முகமதிப்புள்ள செப்புச் சென்ட் 31 கிலோ கனக்கும். அதில் முடங்கும் பணத்துக்கு வட்டியும் கிடையாது. தடை நீங்கினும், கலப்பு உலோகமான காசுக்குச் சுத்தச் செம்பின் விலையை எந்த வியாபாரியும் தரமாட்டான்.

சேகரிப்போருக்கு விற்பது. 1958 வரை வந்த காசுகளின் பின்புறத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள் இருக்கும். அவற்றைத் தனியே எடுத்து, பூதக்கண்ணாடியால் ஆண்டையும் அதன் கீழுள்ள எழுத்தையும் நோக்குக. 1909 என்பதன் கீழ் ‘எஸ்’ என்ற எழுத்தும், பின்புறத்தின் அடியில் ‘வி.டி.பி.’ என்ற எழுத்துகளும் சேர்ந்த காசு 4,84,000 மட்டுமே அடிக்கப்பட்டமையால், அதன் விலைக்கும் செம்பின் விலைக்கும் சம்பந்தமே இல்லை. புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். துலக்கிய காசைச் சேகரிப்போர் மதிப்பதில்லை.

ஆகவே, கோதுமைக் கதிர்க் காசுகளை நாணய வியாபாரிகள் இருவரிடமேனும் காட்டி விலை கேளுங்கள். 1958க்குப் பிற்பட்டவற்றுள், தடை நீங்கும்வரை காத்திருக்க மனமும் இடமும் உள்ள அளவுக்குச் செப்புக் காசுகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கடையிலோ வங்கியிலோ செலுத்திவிடுங்கள். அடுப்பின் பக்கம் மட்டும் எதையும் கொண்டுபோகாதீர்கள்.