வளைகுடாக் கடலுக்குப் போகும் பிள்ளைக்கு

மக்களே, நீ முதல்முறையாகக் கன்னியாகுமரி மாவட்டத்து இனயத்திலிருந்து சவூதிக்கு மீன்பிடிக்கப் போகிறாய். கடல் தெரிந்தவனுக்கு எல்லாக் கடலும் ஒன்றுதான் என்பார்கள், நம்பாதே. அங்கே பழக வேண்டியவை உண்டு, பழகவே கூடாதவையும் உண்டு.

1. முதலில் உடம்பு பழகட்டும். அந்த வெயிலுக்கு உடம்பு ஒத்துவர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன்பிறகுதான் வியர்வை சீக்கிரம் சுரக்கும், நெஞ்சுப் படபடப்பு குறையும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை போதும். நாளுக்கு நாள் கூட்டு. லீவுக்கு ஊர்வந்து திரும்பினாலும் இதே கணக்குதான்.

2. தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடி. ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. கூட நிற்பவனுக்குப் பேச்சுக் குழறினால் உடனே நிழலில் கிடத்தி உடம்பை நனை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு.

3. கடலைப் புதிதாகப் படி. இங்கே மலையைப் பார்த்து இடம் குறிப்போம்; சவூதியின் கிழக்குக் கரை தட்டையானது. வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். வடமேற்கிலிருந்து ‘ஷமால்’ காற்று அடித்தால் அலை குட்டையாக, அடுக்கடுக்காக வரும். அதன் குணத்தைப் பழைய ஆட்களிடம் கேள்.

4. எல்லை மறவாதே. பஹ்ரைன், கத்தார், ஈரான் கடல்கள் பக்கத்திலேயே கிடக்கின்றன. எல்லை தாண்டியதாக நம் மாவட்டத்தார் பலர் பிடிபட்டிருக்கிறார்கள். ஜிபிஎஸ்ஸில் எல்லைக்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு லாஞ்சில் ஏறு.

5. பேச்சைக் கற்றுக்கொள். நம் கலவா மீனுக்கு அங்கே ஹமூர் என்று பெயர், நெய்மீனுக்குக் கனாத். எண்ணும் கூலிக் கணக்கும் அரபியில் தெரிந்தால் உன்னை ஏமாற்றுவது கஷ்டம்.

6. ‘போகப்போகப் பழகிவிடும்’ என்று சிலவற்றைச் சொல்வார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது, மாதக்கணக்கில் சம்பளம் தராதது, மருத்துவம் மறுப்பது: இவற்றுக்குப் பழகாதே. முதல் மாதமே கேள். கிடைக்காவிட்டால் இந்தியத் தூதரகத்தில் புகார் கொடு.

7. பத்தாம் வகுப்பு தேறாதவன் என்றால் குடியேற்ற அனுமதியோடு போ. அதோடு எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு, விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் தரும். விசா, ஒப்பந்தம், காப்பீடு மூன்றின் நகலையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படு.