துப்பாக்கியின் காப்பும் மனிதரின் காப்பும்

தோட்டப்புற மக்களுக்குத் துப்பாக்கி முற்றிலும் புதிய பொருளன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், துப்பாக்கி ஏந்திய சிறப்புக் காவலர்கள் ரப்பர்த் தோட்டங்களைக் காத்து நின்ற வரலாற்றை முதியோர் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். இந்நாளில், இளங்கன்றுகளைத் தோண்டி அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்காக, உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் தோட்டங்களுக்கு வருகின்றனர். அவர்களுக்கு வழி காட்டவும், பன்றியின் தடம் பார்க்கவும், வீழ்ந்த விலங்கைச் சுமந்து வரவும் தோட்டத்து இளைஞர் சிலர் உடன் செல்கின்றனர். ஆகவே, துப்பாக்கி வைத்திராதவர்களும் அதன் தன்மையை ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று. சுடுவதற்குப் பயிற்சி தருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. துப்பாக்கியின் அருகே நிற்க நேரிடும் ஒருவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதை விளக்குவதே இதன் நோக்கம்.

விசை எவ்வாறு இயங்குகிறது?

எலிப்பொறியை அறியாதார் இலர். வலிய சுருள்வில் ஒன்றை இழுத்து வளைத்து, ஒரு சிறு கொக்கியின் நுனியில் அதனை மாட்டி வைக்கிறோம். எலி இரையைத் தொட்டவுடன் கொக்கி விலகுகிறது, சுருள்வில் பாய்கிறது. துப்பாக்கியின் உள்ளமைப்பும் இத்தகையதே. குழலின் பின்பகுதியிலுள்ள அறையில் தோட்டா இருக்கும். அதன் பின்னால், இறுக்கப்பட்ட சுருள்வில்லின் வலிமையோடு அடியூசி காத்திருக்கும். அந்த ஊசி முன்னே பாயாதவாறு ஒரு தடுப்புக் கொண்டி பிடித்து வைத்திருக்கும். நாம் விரலால் விசையை இழுக்கும்போது கொண்டி நழுவுகிறது, ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியிலுள்ள வெடிப்பொட்டைத் தாக்குகிறது, குண்டு புறப்படுகிறது.

இங்கு நாம் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வேட்டைத் துப்பாக்கிகளில் அக்கொண்டியைத் தாங்கி நிற்கும் விளிம்பு மிகச் சிறியது. சிலவற்றில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். அந்த விளிம்பு தேய்ந்துபோனாலும், அவ்விடத்தில் தூசியோ துருவோ புகுந்தாலும், மங்கில் ஒட்டுப்பால் படிவதுபோல் பழைய எண்ணெய் உறைந்து படிந்தாலும், கொண்டி உறுதியாக நில்லாது. அந்நிலையில் விசையைத் தொடாமலேயே துப்பாக்கி வெடிக்கக்கூடும். விசையின் இழுப்பு இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தேர்ச்சியில்லாதவர் அதன் திருகுகளைத் தளர்த்துவதாலும் இதே தீங்கு நேரும்.

‘காப்புத் தாழ் இருக்கிறதே, பின் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்று சிலர் வினவலாம். காப்புத் தாழும் இரும்பினால் செய்யப்பட்ட ஓர் உறுப்பே. உள்ளே கொண்டி பழுதுற்றிருக்குமாயின், வெளியே உள்ள தாழை மட்டும் நம்பியிருத்தல் பேதைமை. இதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று காண்போம்.

ஓர் அமெரிக்கத் துப்பாக்கி தரும் பாடம்

ரெமிங்டன் என்பது அமெரிக்காவின் பழம்பெரும் துப்பாக்கி நிறுவனங்களுள் ஒன்று. அங்குப் பணியாற்றிய மைக் வாக்கர் என்னும் பொறியாளர் வடிவமைத்த விசையமைப்பு, 1948-இல் விற்பனைக்கு வந்த ரைபிள்களில் பொருத்தப்பட்டது. பின்னர் 1962-இல் வெளிவந்து பல இலட்சக் கணக்கில் விற்பனையான ‘மாடல் 700’ என்னும் ரைபிளிலும் அதே அமைப்பு இடம்பெற்றது. இவ்வமைப்பில், விசைக்கும் கொண்டிக்கும் இடையே ஒரு சிறு இணைப்புத் துண்டு இருந்தது. அது விசையோடு நிலையாகப் பிணைக்கப்படவில்லை. சுருள்வில்லின் அழுத்தத்தால் மட்டுமே விசையோடு ஒட்டி நின்றது. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விலகி, மீண்டும் தன் இடத்திற்கு வந்து சேர வேண்டும். இடையில் அழுக்குப் புகுந்தால் அது முழுமையாகத் திரும்பாமல் போகக்கூடும் என்பதே பின்னாளில் வழக்குத் தொடுத்தோர் எடுத்துரைத்த குற்றச்சாட்டு.

மேலும் ஓர் இடர் இருந்தது. பழைய மாதிரிகளில், காப்புத் தாழ் பூட்டிய நிலையில் இருக்கும்போது போல்ட்டைத் திறக்க இயலாது. எனவே தோட்டாவை வெளியே எடுக்க விரும்புவோர், முதலில் காப்பை விடுவித்துச் சுடும் நிலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. துப்பாக்கியைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரும் செயலே, கணநேரம் அதனை ஆபத்தான நிலையில் வைத்தது! 1982-இல்தான் இம்முறை மாற்றப்பட்டது.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மொன்டானா மாநிலத்தில் ஒரு குடும்பத்தினர் வேட்டை முடிந்து வீடு திரும்ப ஆயத்தமாயினர். தாயார் தம் ரைபிளிலிருந்து தோட்டாவை அகற்றுவதற்காகக் காப்பை விடுவித்தார். அக்கணமே துப்பாக்கி வெடித்தது. குண்டு, குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டியைத் துளைத்துச் சென்று, அப்பால் நின்றிருந்த அவருடைய ஒன்பது வயது மகன்மீது பாய்ந்தது. சிறுவன் உயிர் துறந்தான். தம் விரல் விசையின்மீது இருக்கவில்லை என்றே அத்தாயார் கூறினார். அத்துப்பாக்கி பழைய மாடல் 700 வகையைச் சேர்ந்தது.

இதன் பின்னர் அச்சிறுவனின் தந்தையார் மேற்கொண்ட முயற்சியினாலும், வேறு பல வழக்குகளினாலும், நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் வெளிவந்தன. விற்பனை தொடங்குமுன்னரே, பாதுகாப்பற்ற நிலை ஒன்று ஏற்படக்கூடும் என்று வாக்கர் எழுதி வைத்த குறிப்பு அவற்றுள் ஒன்று. நிறுவனமோ, தன் துப்பாக்கிகள் பாதுகாப்பானவை என்றும், பிழையான கையாளுதலும் பராமரிப்புக் குறைவுமே விபத்துகளுக்குக் காரணம் என்றும் வாதிட்டு வந்தது.

பழைய விசைக்கு மாற்றாக 2006 முதல் செய்யப்பட்ட புதிய விசையும் இடரினின்று தப்பவில்லை. உறுப்புகளைப் பொருத்தும்போது பூசப்பட்ட ஒட்டும்பொருள் மிகையானதால், விசையை இழுக்காமலேயே துப்பாக்கி வெடிக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டு, 2014 ஏப்ரலில் அவ்வகை ரைபிள்களை நிறுவனமே திரும்ப அழைத்துக்கொண்டது. பின்னர், 70 இலட்சத்திற்கு மேற்பட்ட துப்பாக்கிகளைப் பற்றிய கூட்டு வழக்கொன்றில், உரிமையாளர் கோரினால் விசையை மாற்றித் தருவதென்ற உடன்பாடு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் அந்நிறுவனம் நொடித்து, அதன் பகுதிகள் பலருக்கு விற்கப்பட்டன.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. பெரிய தொழிற்சாலையில், தேர்ந்த பொறியாளர்கள் செய்த கருவியிலும் பழுது நேரலாம் என்பது இதனால் தெளிவு. அதைவிடச் சிறந்த பாடம் மற்றொன்று உண்டு. விசையின் பழுது துப்பாக்கியை வெடிக்கச் செய்யும். ஆனால் குண்டு செல்லும் திசையை விசை தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது, துப்பாக்கியைப் பிடித்திருப்பவரின் கை. குழல்வாய் வெறும் மண்மேட்டை நோக்கியிருந்தால், எத்தகைய பழுதாயினும் மண்ணில் ஒரு குழியோடு முடிந்துவிடும்.

நம் பக்கத்துத் துப்பாக்கிகள்

நம் தோட்டப்புறங்களில் பெரிதும் காணப்படுவது ரைபிள் அன்று. ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் கொண்ட ரவைத் துப்பாக்கியாகும். நடுவே மடக்கித் திறக்கும் வகையை மலாய் மொழியில் ‘செனாப்பாங் பாத்தா’ என்பர். இவற்றுள் பலவற்றில், காப்புத் தாழ் விசையை மட்டுமே பூட்டுகிறது. உள்ளேயுள்ள கொண்டியைப் பூட்டுவதில்லை. ஆகவே, காப்புப் பூட்டப்பட்ட துப்பாக்கியும் கீழே விழுந்தாலோ மரத்தில் மோதினாலோ வெடித்துவிடக்கூடும். வெளியே சுத்தியல் தெரியும் பழைய துப்பாக்கிகளில், அச்சுத்தியல் எதிலேனும் இடறினாலும் இதே ஆபத்து உண்டு. நீர்க்குழாயைக் கொண்டு தாமே செய்துகொள்ளும் துப்பாக்கிகளைப் பற்றிக் கூறவே வேண்டா. குழலே வெடித்துச் சுடுபவரின் கண்ணையும் கையையும் அவை பறித்துவிடும்.

இவ்வகைத் துப்பாக்கிக்கு ஒரு நன்மையும் உண்டு. அதை மடக்கித் திறந்துவிட்டால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். திறந்த துப்பாக்கி வெடிக்காது. ஆதலின், சுடும் நேரம் தவிர மற்ற வேளைகளில் தோட்டாவை அகற்றித் திறந்தே எடுத்துச் செல்வதுதான் நல்ல வேட்டைக்காரரின் பழக்கம்.

நான்கு விதிகள்

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். ‘காலியாகத்தான் இருக்கிறது’ என்று பிறர் கூறினும், திறந்து கண்ணால் கண்டபின்னரே நம்ப வேண்டும்.

2. குழல்வாய் எந்நேரமும் ஆளில்லாத் திசையை நோக்கியிருக்க வேண்டும். விளையாட்டிற்கும் ஒருவர்மீது குறி வைத்தலாகாது.

3. சுடுவதென்று உறுதி செய்யும்வரை விரல் விசையைத் தொடலாகாது.

4. எதைச் சுடுகிறோம், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாகக் கண்டறிய வேண்டும். புதர் அசைந்தது, ஓசை கேட்டது என்பதற்காகச் சுடலாகாது.

நான்காம் விதி நமக்கு மிக இன்றியமையாதது. விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரையில் நிற்பவர் நம் மக்கள். குனிந்து மங்கைத் துடைக்கும் பெண்மணியின் உருவம், அரையிருளில் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு விலங்குபோல் தோன்றலாம். எனவே, வேட்டை நடைபெறும் நாள், நேரம், நிரை ஆகியவற்றை முன்கூட்டியே நிர்வாகத்திடம் கேட்டறிந்து, பெரட்டில் அனைவருக்கும் அறிவிக்குமாறு கோருதல் நம் உரிமை. அப்பகுதியில் அன்று எவரும் பால் வெட்டச் செல்லலாகாது; விறகு பொறுக்கவும் பிள்ளைகளை அனுப்பலாகாது.

உடன் செல்வோர் கவனத்திற்கு

வேட்டைக்கு வழிகாட்டியாகச் செல்வோர் துப்பாக்கிக்கு முன்னே நடக்க நேரிடுகிறது. அப்போது துப்பாக்கி திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்னே செல்ல வேண்டும். வேலி தாண்டும்போதும், வடிகால் கடக்கும்போதும், மோட்டார் சைக்கிளிலோ காரிலோ ஏறும்போதும் தோட்டாவை அகற்றியிருக்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காத துப்பாக்கியை உடனே திறக்கலாகாது; குழல்வாயை ஆளில்லாத் திசையில் நிறுத்தி ஒரு நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

குழல் நம் பக்கம் திரும்புவதைக் கண்டால் வாய் திறந்து சொல்லத் தயங்குதல் வேண்டா. துப்பாக்கியைப் பிடித்திருப்பவர் தோட்டத்துத் துரையாகவோ, பெரிய கிராணியாகவோ, வயதில் மூத்தவராகவோ இருக்கலாம். ‘ஐயா, குழலை அப்புறம் திருப்புங்கள்’ என்று கூறுவது மரியாதைக் குறைவன்று. நல்ல வேட்டைக்காரர் அதற்கு நன்றி கூறுவார். சினம் கொள்பவரோடு நாம் செல்லாமலிருப்பதே நலம்.

சட்டம் கூறுவது

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றமாகும். 1971-ஆம் ஆண்டின் சுடுகருவித் தண்டனை அதிகரிப்புச் சட்டத்தின் கீழ், சட்டவிரோதமாகச் சுடுகருவி வைத்திருப்போர்க்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படலாம். காட்டிலோ வடிகாலிலோ பழைய துப்பாக்கியோ தோட்டாவோ கிடந்தால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்திற்குத் தெரிவிப்பதே முறை. பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வைத்தல் பெற்றோர் கடமை.

சிந்திக்க

1. காப்புப் பூட்டப்பட்ட துப்பாக்கியும் வெடிக்கக்கூடும் என்பது ஏன்?

2. பழைய மாடல் 700 ரைபிளில், தோட்டாவை அகற்றுவது ஏன் ஆபத்தாயிற்று?

3. விசை பழுதுற்றாலும் உயிர்ச்சேதத்தைத் தடுக்கவல்லது எது?

4. உங்கள் தோட்டத்தில் வேட்டை நடைபெறும் நாளை அனைவருக்கும் அறிவிக்க என்ன ஏற்பாடு உள்ளது? இல்லையெனில், அதனை ஏற்படுத்த யாரை அணுக வேண்டும்?

நான்காம் வினாவை மட்டும் தனியே சிந்திக்க வேண்டா. மாலையில் லயத்து வாசலில் நான்கு பேர் கூடும்போது பேசி, ஒரு முடிவிற்கு வாருங்கள்.