பந்துக்கிண்ண மூட்டு மாற்றும் முறை

நமது தொடையெலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்துள் பந்துபோற் சுழல்வதை உடலியற் பாடத்திற் கற்றோம். காரின் முன்சில்லைத் தாங்குவதும் அத்தகைய மூட்டே. அது தேய்ந்து கழன்றால் சில்லு மடிந்து வண்டி வழிதவறும், உயிருக்கும் இறுதியாகும்.

முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்சில்லுகளுக்குக் கட்டை வைக்க. ஜக்கினால் உயர்த்தி உறுதியான தாங்கிகளில் இருத்துக. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே நுழைதல் தகாது. சுருள்வில் கீழ்க்கரத்தில் அமர்ந்திருப்பின், அக்கரத்தையும் ஜக்கு தாங்கி நிற்றல் வேண்டும். அன்றேல் வில்லின் விசை பாய்ந்து ஊறு செய்யும்.

சில்லைக் கழற்றியபின் ஸ்பிளிற் பின்னை உருவி, நட்டை அகற்றுக. மூட்டின் தண்டு கூம்பு வடிவினது. ஆதலின் துளையில் இறுகியிருக்கும். அதனை விடுவிக்க இழுவைக் கருவியே ஏற்றது. தண்டின் புரியில் அடித்தலாகாது. அழுத்திப் பொருத்திய மூட்டாயின் கராச்சுக்குக் கொண்டுசெல்லுதலே அறிவுடைமை.

புதிய மூட்டைப் பொருத்தி, செய்தோர் குறித்த அளவுக்கு நட்டை இறுக்குக. பின்னுக்குரிய துளை நேராகாவிடின் நட்டைத் தளர்த்தாது, சற்றே மேலும் இறுக்கி நேராக்குக. பழைய பின்னை மீண்டும் இடற்க. நாமும் ஒருமுறை சிக்கனம் கருதி அதனை இட முனைந்தோம்; வளைத்தபோதே அது முறிந்தது. சில சதத்தை மிச்சம்பிடிக்கப் பலர் உயிரைப் பணயம் வைத்தோமேயென நாணினோம். இறுதியிற் சில்லுகளின் நேர்மையைச் சோதிப்பித்த பின்னரே வீதிக்குச் செல்க.