விண்செல்வார் மண்ணிற் செய்த செலவு

'செலவு' என்னுஞ் சொல் பழந்தமிழிலே பயணத்தைக் குறித்தது. இன்று அது பொருள் கழிதலைக் குறிக்கின்றது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவது விண்வெளி வீரரின் பயிற்சிக்கால வாழ்க்கையாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

1959ஆம் ஆண்டு அமெரிக்க நாசா நிறுவனம் தன் முதல் வீரர் எழுவரைத் தெரிந்தெடுத்தது. வேர்ஜீனியா மாநிலத்து லாங்லி அவர்க்கு இருப்பிடமாயிற்று. ஆயினும் கற்கவேண்டியன யாவும் ஆங்கு இருந்தனவல்ல. மேர்க்குரி விண்கலம் செயின்ற் லூயிஸ் நகரிலே உருவாயிற்று. ஏவுதளமோ புளோரிடாவின் கனாவரல் முனையில் இருந்தது. விண்மீன்களை இனங்காண வட கரோலினாவிலுள்ள சப்பல் ஹில் கோளரங்கிற்குச் சென்றனர். உடல் பன்மடங்கு கனக்கும் நிலையைத் தாங்கிப் பழகப் பென்சில்வேனியாவின் ஜோன்ஸ்வில்லில் இருந்த பெருஞ்சுழற் பொறியை நாடினர். 1962இல் பயிற்சி நிலையம் ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்ரனுக்கு மாறவே, குடும்பங்களும் குடிபெயர்ந்தன.

அப்பலோத் திட்டத்திலே இச்செலவு மேலும் பெருகிற்று. தாய்க்கலம் கலிபோர்ணியாவின் டவுனியிலும், சந்திரனில் இறங்குங் கலம் நியூயோர்க் மாநிலத்து லோங் தீவிலும் செய்யப்பட்டன. பாறைகளைப் பற்றிக் கற்க வீரர் 1964இல் கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கிற்கும், 1965இலும் 1967இலும் ஐஸ்லாந்தின் எரிமலை நிலங்களுக்கும் சென்றனர்.

இவ்வலைச்சல் வேண்டியதுதானா எனின், வேண்டியதே என்போம். ஆக்குவோனும் செலுத்துவோனும் அருகிருந்து ஆராய்ந்தாலன்றிக் கலத்தின் குறை புலப்படாது. மேர்க்குரிக் கலத்தில் வெளியே நோக்குதற்கு முதலில் இரு சிறு துளைகளே அமைந்திருந்தன. வீரர் வற்புறுத்தியதனாலேயே பெரிய பலகணி வைக்கப்பட்டது. 1961 யூலையில் கிறிசம் சென்ற கலமே அதனை முதலிற் பெற்றது.

இனி, செலவின் மற்றைப் பொருளை நோக்குவாம். 1966 பெப்ரவரி 28ஆம் நாள், ஜெமினி 9 கலத்திற்குத் தெரிவாகியிருந்த எலியற் சீ, சாள்ஸ் பசெற் இருவரும் பயிற்சிக்காக ஹூஸ்ரனிலிருந்து செயின்ற் லூயிசுக்கு ஜெற் விமானத்திற் பறந்தனர். ஆங்கு முகில் தாழ்ந்து வானிலை கெட்டிருந்தது. இறங்கும்போது, அவர்தம் விண்கலம் உருவாகிக்கொண்டிருந்த கட்டடத்தின்மீதே விமானம் மோதி வீழ்ந்தது. இருவரும் மாண்டனர். பின்னே மற்றொரு விமானத்தில் வந்த ஸ்ராபோட், சேர்ணன் இருவரும் நலமே இறங்கினர். அவ்வாண்டு யூன் மாதம் அக்கலத்தில் விண்சென்றோர் அவ்விருவருமே. விண்ணைக் காணாமலே, கற்கச் சென்ற வழியில் இருவர் உயிர் செலவாயிற்று.

பிற்காலத்தெழுந்த பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் செல்வோர்க்கு எல்லை இன்னும் விரிந்தது. ஹூஸ்ரனோடு, மொஸ்கோ அருகிலுள்ள நட்சத்திர நகர், ஜேர்மனியின் கொலோன், யப்பானின் சுகூபா ஆகிய இடங்களும் பயிற்சிக்களங்களாயின. உருசிய மொழியும் பாடமாயிற்று.

அகத்திணையிலே தலைவியின் துயர்கண்டு தலைவன் தன் பயணத்தைத் தாழ்த்துதலைச் 'செலவழுங்குதல்' என்பர். ஏவும் நாள் குறிக்கப்பெற்ற வீரர்க்கு அங்ஙனம் அழுங்க இடமில்லை. ஆதலின் விண்சென்றாரைப் போற்றுங்கால், அவர் ஊர்தோறும் சென்று கற்ற நாள்களில் இல்லத்தைத் தனித்துக் காத்த மனைவி மக்களையும் உடனெண்ணுதல் நம் கடனாகும்.