காற்றைப் பிடித்து வைத்தவர்கள்

கேள்வி: விடுமுறை நாட்களில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து மண் சாலைகளில் நண்பர்களோடு டர்ட் பைக் ஓட்டுகிறேன். ஊருக்குள் ஓடும் பைக்குகள் பெரும்பாலும் டியூப்லெஸ். எங்கள் வண்டியில் மட்டும் இன்னும் டியூப். இது எங்கிருந்து வந்தது? ஏன் இன்னும் போகவில்லை?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இந்தக் கதையை எல்லோரும் டன்லப்பிலிருந்து தொடங்குவார்கள். அது நியாயமில்லை. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே, தமது 23-வது வயதில், காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ரப்பர் ஏற்றிய கித்தானில் ஒரு குழாய், அதன் மேல் கனமான தோல் உறை. காற்றைப் பிடித்து வைப்பது உள்ளே இருப்பதன் வேலை. தேய்வதும் அடி வாங்குவதும் வெளியே இருப்பதன் வேலை. இன்று உங்கள் பின்சக்கரத்தில் நடப்பதும் அதுதான். குதிரை வண்டியில் பூட்டிய ஒரு செட் 1,200 மைல் ஓடியது. ஆனாலும் அன்றைக்கு அதற்குத் தேவை எழவில்லை. பெட்ரோல் மோட்டார் வண்டி வர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன. யோசனை அப்படியே மறந்துபோனது.

1887-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் தடதடக்கிறதே என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். தாம்சனைப் பற்றி அவருக்குத் தெரியாது. 1888-ல் காப்புரிமை கிடைத்தது. தாம்சனின் பழைய காப்புரிமை வெளியே வந்ததும், இரண்டே ஆண்டில் டன்லப்பினுடையது செல்லாமல் போனது. தாம்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1873-லேயே இறந்துவிட்டார்.

எனக்கு இவர்கள் இருவரையும்விட முக்கியமாகத் தோன்றுகிறவர்கள் பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள். டன்லப்பின் டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டது. பஞ்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, பசை காய ஓர் இரவு காத்திருக்க வேண்டும். 1889-ல் அப்படி ஒரு சைக்கிள் அவர்களுடைய பட்டறைக்கு வந்தது. 1891-ல் கழற்றி மாட்டும் டயரைச் செய்துவிட்டார்கள். அதே ஆண்டு பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயரோடு ஓட்டிய சார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய டயரைத் தொங்கவிட்டிருக்கும் ஒவ்வொரு பஞ்சர் கடைக்கும் மூலம் இதுதான்.

டியூப் ஏன் இன்னும் போகவில்லை என்றால், காரணம் போக்ஸ் கம்பி. பாறையில் இடித்தால் வார்ப்பு அலாய் சக்கரம் விரிசல் விடலாம். கம்பிச் சக்கரம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வளைந்ததை ஓரளவு நிமிர்த்தலாம். ஆனால் கம்பி கோத்த ஒவ்வொரு துளையிலும் காற்று கசியும். அதனால் உள்ளே டியூப் வேண்டும். கம்பிச் சக்கரத்திலேயே டியூப்லெஸ் செய்யும் வழிகள் இன்று உண்டு, விலைதான் கூடுதல். டக்கார் போன்ற பந்தயங்களில் டியூப்பும் இல்லை, காற்றும் இல்லை; மூஸ் என்ற நுரை வளையத்தை டயருக்குள் திணித்து ஓட்டுகிறார்கள். உங்கள் ஊர் டிவிஎஸ்ஸின் பந்தய அணியில் ஓட்டிய கேரளத்தின் ஹரித் நோவா, 2024 டக்காரில் ராலி-2 பிரிவை வென்றார். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசான எக்ஸ்எல், ரோஜாக் கட்டும் பால் கேனும் மாங்காய் மூட்டையும் ஏற்றி ஓடுவதும் பெரும்பாலும் கம்பிச் சக்கரத்தில், டியூப்பின் மேல்தான்.

இதோடு ஒரு வேண்டுகோள். அஞ்செட்டிப் பக்கம் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது. யானைகள் நடமாடும் காடு. ஊர்ச் சாலையை விட்டு அதற்குள் வண்டியை இறக்காதீர்கள்.

கேள்வி: சைக்கிளுக்கு வால்டியூப், பைக்குக்கு வேறு வால்வு. ஏன்?
– ஒரு வாசகி, இராயக்கோட்டை

பதில்: வால்டியூப் என்பது சின்ன ரப்பர் உறை. பம்ப் அடிக்கும்போது விரிந்து வழிவிடும், நிறுத்தியதும் இறுகிக்கொள்ளும். சைக்கிளுக்கு அது போதும். பைக்கிலும் காரிலும் இருப்பது அமெரிக்காவின் ஷ்ரேடர் நிறுவனத்தின் வால்வு. 1893-ல் காப்புரிமை பெற்றது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஊசி இருப்பதால், அதை அழுத்திக் காற்றழுத்தத்தை அளக்கலாம், வேண்டிய அளவு இறக்கலாம். மூழ்காளிகளுக்கான தலைக்கவசங்கள் செய்துவந்த நிறுவனம் அது.

கேள்வி: டர்ட் பைக்குக்கு எந்த டியூப் வாங்குவது? எப்போது மாற்றுவது?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: முன்பெல்லாம் டியூப் என்றால் இயற்கை ரப்பர்தான். 1937-ல் அமெரிக்காவில் ஸ்பார்க்ஸ், தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பியூட்டைல் ரப்பரை உருவாக்கினார்கள். இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு நேரம் காற்றைப் பிடித்து வைக்கும். அது முதலில் பெரிதாகப் பயன்பட்டதே டியூப்பில்தான். சாதாரண ஓட்டத்துக்கு இன்றும் பியூட்டைலே என் தேர்வு.

மண்ணில் ஓட்டுகிறவர்கள் பிடிமானத்துக்காகக் காற்றை 12 முதல் 15 பிஎஸ்ஐ வரை இறக்குகிறார்கள். அப்போது கல்லில் மோதினால் டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் கடிபடும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ஆணி குத்தியிருந்தால் ஒன்றுதான் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் சில்லுப் பாதைகளில் ஓட்டினால் கனமான ஹெவி டியூட்டி டியூப்தான் சரி. 3, 4 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கிறது. எடை கூடும், மாட்டுவதும் சிரமம், ஆனாலும் அதையே வாங்குங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் கையேட்டில் சொன்ன அளவுக்குக் காற்றை ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடாகும்.

புது டயர் போடும்போது டியூப்பையும் புதிதாகப் போடுங்கள். பழைய டியூப் விரிந்து பெருத்திருக்கும். புது டயருக்குள் மடிப்பு விழுந்து, மடிப்பிலேயே கிழியும். வால்வின் அடியில் கிழிந்தாலும், ஒட்டின் மேல் ஒட்டு விழுந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். புது டியூப்பில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து, பவுடர் தடவி உள்ளே விடுங்கள். அதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவிப் பாருங்கள். குத்திய முள் அங்கேயே இருக்கும். கம்பி முனைகளை மூடும் ரிம் டேப்பையும் பாருங்கள்.

வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். காற்று குறைவாக இருக்கும்போது டயர் ரிம்மில் நழுவி, டியூப்பையும் இழுக்கும். நட்டு தளர்ந்திருந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கியிருந்தால் வேரோடு பிய்ந்துவிடும். நழுவாமல் பிடிக்கும் ரிம் லாக் உங்கள் வண்டியில் இல்லையென்றால் பொருத்திக்கொள்ளுங்கள்.

காட்டோரச் சாலைகளில் கடை இருக்காது. பையில் ஒரே ஒரு டியூப்புக்குத்தான் இடம் என்றால் முன்சக்கரத்துக்கான 21 அங்குல டியூப்பை எடுத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு அதை 18 அங்குலப் பின்சக்கரத்திலும் போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். வந்ததும் சரியான அளவில் மாற்றிவிடுங்கள்.